மருமவனுக்குக் கம்பைலர் பாடம்

வாரும் மருமவனே, உக்காரும். ஜிசிசி கம்பைலர்ல பக்கு கண்டுபிடிச்சுட்டீராமே! இருக்கும், ஏன் இருக்காது? 1987-ல ஸ்டால்மன் வெளியிட்ட நாள்லேர்ந்து ஊரு உலகமே அதை நோண்டிக்கிட்டிருக்கு. அம்புட்டுப் பேரு கண்ணுலயும் படாதது நேத்து ராத்திரி உம்ம கண்ணுல பட்டிருக்குன்னா, தெருவுல தோரணம் கட்ட வேண்டியதுதான்.

உம்ம புரோகிராம் ஓ-0ல ஒழுங்கா ஓடுது, ஓ-2ல கோணுது, அதனால கம்பைலர்தான் குத்தவாளின்னு தீர்ப்பே எழுதிட்டீரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எங்க, உம்ம கோடைக் காட்டும். எக்ஸோட ஒண்ணக் கூட்டினா எக்ஸை விடக் குறையுதான்னு ஒரு இஃப் போட்டு, இன்ட் நிரம்பி வழியுறதப் பிடிக்கப் பாத்திருக்கீரு. நல்ல கெட்டிக்காரத்தனம். ஆனா சி பாஷை விதிப்படி இன்ட் வழியவே கூடாது. வழியாதுன்னா இந்த இஃப் எப்பவும் பொய்தானேன்னு கம்பைலர் அதைத் தூக்கிக் கடாசிருச்சு. விதியைப் படிச்சது அது, படிக்காதது நீரு. எஃப்-ராப்-வி ஆப்ஷன் போட்டு ஓட்டும். கோளாறு மறைஞ்சா குத்தம் யாருதுன்னு நான் வேற சொல்லணுமாக்கும்? அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரையும் ஒருக்கா ஓட்டிரும். வரி நம்பரோட உம்மைக் காட்டிக் கொடுக்கும்.

‘இன்டர்னல் கம்பைலர் எர்ரர்’னு விழுந்தா கதை வேற. தன் குத்தத்தத் தானே ஒத்துக்கிட்டு, ரிப்போர்ட் அனுப்புங்கன்னும் கேக்குது. உம்ம ஆபீஸ்ல அப்படி ஒரு ஆளு உண்டா? ஆனா ஒவ்வொரு தரமும் வேற வேற ஃபைல்ல விழுதுன்னா, கம்பைலர விட்டுட்டு ரேமைச் சோதிச்சுப் பாரும்.

நெசமாவே பக்குதான்னா, சேவ்-டெம்ப்ஸ் போட்டு ப்ரீப்ராசஸ் ஆன ஃபைல எடும். அதை அப்படியே கொண்டுபோய் ஜிசிசிக்காரங்க தலையில கொட்டாதேயும். சி-ரெட்யூஸ்ங்கிற டூல்கிட்டக் குடுத்துட்டுப் படுத்துத் தூங்கும். பக்கு மட்டும் போகாதபடிக்கு வரி வரியா வெட்டித் தள்ளி, கையளவுக்குக் கொண்டுவந்து வச்சிருக்கும். நீரு முழிச்சிருந்து பண்ணுத வேலையைவிட அது சுத்தம்.

அடுத்து, கம்பைலர்ல சொந்தமா ஒரு பாஸ் சேக்கப் போறீராக்கும்? பலே. சோர்ஸ் இருக்குத ஃபோல்டருக்குள்ளயே கன்ஃபிகர் அடிக்காதேயும், தனி ஃபோல்டர்ல பில்ட் பண்ணும். எடுத்த எடுப்புல மூலக் கோடுல கை வைக்கவும் வேண்டாம். 2010-ல வந்த 4.5லேர்ந்து பிளகின் வசதி இருக்கு, வெளிய நின்னே சொருகிப் பாரும். உள்ள கை வச்சுட்டீர்னா பூட்ஸ்ட்ராப் பண்ணாம விடாதேயும். கம்பைலர் தன்னைத்தானே மூணு கட்டமாக் கட்டிக்கிடும். ரெண்டாங்கட்டத்து ஆப்ஜெக்ட் ஃபைலும் மூணாங்கட்டத்து ஃபைலும் ஒத்துப்போகலன்னா, வாயத் தொறக்காம வந்த வழியே திரும்பிரும். ஒத்துப்போனா மேக் செக் ஓட்டி, மாத்துததுக்கு முந்தின ரிசல்ட்டோட ஒப்பிட்டுப் பாத்துட்டு பேட்சை அனுப்பும்.

உம்ம அல்காரிதத்தப் பாக்கதுக்கு முந்தி, எட்டு ஸ்பேஸ் இருக்குத இடத்துல டேப் எங்கன்னு கேப்பாங்க. பேசாம மாத்திக் குடும். ரோசப்பட்டு, தனியா ஃபோர்க் பண்ணுதேன்னு கிளம்பிராதேயும். 1997-ல ஈஜிசிஎஸ்னு பிரிஞ்சு போனவங்க வேலைதான் 1999-ல அதிகாரபூர்வ ஜிசிசி ஆச்சு, நெசம்தான். ஆனா அவங்களுக்குக் கம்பைலர் எழுதத் தெரிஞ்சிருந்துச்சுவே!