கோட்டுக்கு ஆகிற நேரம்

மதுரையிலிருந்து கோவைக்கு விமானத்தில் போனால் என்ன என்று கேட்டான் அக்கா மகன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். பஸ் என்றாலே முகம் சுண்டிவிடும். "மாமா, இங்கயும் ஏர்போர்ட் இருக்கு, அங்கயும் இருக்கு. 175 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம்னு போட்டிருக்கான் பாருங்க" என்று போனை என் மூக்கு வரை நீட்டினான்.

போட்டிருந்தது உண்மைதான். இந்தக் கணக்குப் போட விமானமே தேவையில்லை. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமி உருண்டையின் மேல் ஆகக் குறுகிய கோடு ஒன்றை இழுத்து, மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தால் 13 நிமிடம். ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் முடிந்தது வேலை. அந்தக் கோட்டில் விமானம் ஏதாவது பறக்கிறதா என்பது கணக்குப் போட்டவரின் கவலை அல்ல. பெண் இருக்கிறாளா என்று விசாரிக்காமலே பத்துப் பொருத்தமும் பேஷ் என்கிற ஜோசியர் மாதிரி.

நாங்கள் தேடிய தேதியில் நேரடி விமானம் கிடையாது. சென்னை போய் மாற வேண்டுமாம். மதுரை–சென்னை நேர்க்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர், சென்னை–கோவை 405. 175 கிலோமீட்டருக்கு 820! அதற்கும் முன்னால், ஊருக்குத் தெற்கே அவனியாபுரம் பக்கம் இருக்கும் விமான நிலையத்துக்குப் போயாக வேண்டும். ஆக, வடமேற்கே இருக்கிற கோவைக்குத் தெற்கே கிளம்பி, வடகிழக்கே பறந்து, அப்புறம் மேற்கே திரும்ப வேண்டும். சூலம் பார்க்காமல் வாசற்படி இறங்காத என் அக்கா, எந்தத் திசைக்குப் பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரை மூடிவைத்துவிட்டாள்.

நேரக் கணக்கு இன்னும் விசேஷம். விமானக் கம்பெனிக்குப் பயணம் என்பது சக்கரம் நகர்ந்ததிலிருந்து சக்கரம் நிற்கும் வரை. நமக்கோ வீட்டைப் பூட்டியதிலிருந்து. ஒரு மணி நேரம் முன்னதாகவே கவுண்டரை மூடிவிடுவார்கள் என்பதால் இரண்டு மணி நேரம் முன்னால் போக வேண்டும். பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அக்கா கொடுத்துவிட்ட மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள். சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தோம். எட்டு மணி நேரத்துக்குக் குறையவில்லை.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியாக ஐந்து, மிஞ்சினால் ஐந்தரை மணி நேரத்தில் சிங்காநல்லூர். கோவை விமான நிலையம் அங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். ஊறுகாயும் பத்திரமாக வந்து சேரும்.

"அப்போ அந்த முக்கால் மணி நேரம்?" என்றான் மருமகன், விடாமல்.

"அது கோட்டுக்கு ஆகிற நேரம்டா. ஆளுக்கு இல்ல."

பஸ்ஸில்தான் போனோம். நீங்களும் போவதாக இருந்தால், காலை வண்டியில் இடது பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். வலது பக்கம் வெயில் அடிக்கும்.