திரட்டுப்பாலும் பால் பவுடரும்

கேள்வி: பாலையும் சர்க்கரையையும் கிளறினால் திரட்டுப்பால்தான் வருகிறது. இனிப்புப் பால் பவுடர் ஏன் வருவதில்லை?
– ஒரு வாசகி, சிங்கப்பெருமாள் கோவில்

பதில்: திரட்டுப்பால் வந்ததற்கா வருத்தம்? எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள்! அடுப்புச் சூட்டில் பால் சிவந்து, நெய் கசிந்து, உருண்டு திரண்டுவிடும். ஆலையில் காற்றை உறிஞ்சிய கலத்தில், குறைந்த சூட்டிலேயே பாலைச் சுண்டவைப்பார்கள். பிறகு பனித்திவலைபோல் வெப்பக்காற்றில் தெளிப்பார்கள். சில நொடிகளில் ஈரம் போய்ப் பொடியாக உதிரும். சர்க்கரையை முன்பும் கரைக்கலாம், பின்பும் கலக்கலாம்.

எருமைப்பாலில் இப்படிப் பவுடர் செய்வது நடக்கவே நடக்காது என்றார்கள் வெளிநாட்டு நிபுணர்கள். குஜராத்தின் ஆனந்தில் பால் தொழில்நுட்ப வல்லுநர் எச்.எம். தலாயா செய்தே காட்டினார். 1955-இல் அங்கே எருமைப்பால் பவுடர் ஆலையை நேரு திறந்துவைத்தார். நினைத்தாலே மெய்சிலிர்க்கிறது!

கடைப் பவுடரைக் கரைக்கும்போது கொதிநீரில் கொட்டாதீர்கள், கட்டி தட்டும். வெதுவெதுப்பான நீர் இரண்டு கரண்டி விட்டு முதலில் குழைத்துக்கொள்ளுங்கள்.