கேப்டனுக்கு வழி சொல்பவர்

பெண் பார்க்கப் போகும் வீடுகளில் "பையன் என்ன பண்றார்?" என்று கேட்டால், ஃப்ளைட் டிஸ்பேட்சரின் அம்மா கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு "ஏர்லைன்ஸ்ல இருக்கான்" என்பார். உடனே கூடம் முழுக்க முகங்கள் மலரும். கேசரித் தட்டு இன்னும் ஓர் அங்குலம் நகர்ந்து வரும். "பைலட்டா?"

அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவர் முப்பது வயதுவரை கல்யாணப் பேச்சையே தள்ளிப்போட்டார். "பைலட் இல்ல மாமா. பைலட் எந்த வழியாப் போகணும், எவ்வளவு உயரத்துல போகணும், எவ்வளவு எரிபொருள் போடணும், இறங்க முடியலேன்னா எந்த ஊருக்குத் திரும்பணும்னு எல்லாத்தையும் முடிவு பண்ணிக் கொடுக்கிறது நாங்க."

பெண்ணின் பெரியப்பா புரிந்ததற்கு அடையாளமாகத் தலையாட்டுவார். "அப்ப, டைம்கீப்பர்னு சொல்லுங்க."

இந்தத் தழும்போடுதான் அவர் தினமும் வேலைக்குப் போகிறார். குருகிராமில் ஜன்னலே இல்லாத பெரிய ஹால். ஆளுக்கு நான்கு திரை. ஒரு ஷிஃப்டில் பதினைந்து, இருபது விமானங்கள் அவர் கையில். வானிலைதான் தொழில் என்றாலும் வானத்தைப் பார்க்க வழியில்லை. வெளியே மழை பெய்வது டீ கொண்டுவரும் பையனின் நனைந்த சட்டையைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். ஆனால் வங்காள விரிகுடாவுக்கு மேலே 36,000 அடியில் காற்று எந்தத் திசையில் எத்தனை நாட் வேகத்தில் அடிக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

விமானத்தைத் தான்தான் ஓட்டுவதாக அவர் மனதார நம்புகிறார். கேப்டன் என்பவர் தொப்பி போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்பவர், அவ்வளவே. கேப்டனின் சித்தாந்தம் இன்னும் சுருக்கம்: "விழுந்தா நான்தானே விழுவேன்? அவன் நாற்காலி விழாது." இதற்குப் பதில் சொல்ல எந்த டிஸ்பேட்சராலும் இன்றுவரை முடியவில்லை. முடியாத ஆத்திரத்தைத்தான் அவர்கள் எரிபொருள் கணக்கில் காட்டுகிறார்கள்.

எரிபொருள் என்றால் பங்க்கில் போய் டேங்க்கை நிரப்புகிற விஷயம் இல்லை. ஓடுபாதைவரை ஊர்ந்து போக ஒரு பங்கு. பயணத்துக்கு ஒரு பங்கு. கணக்கு பிசகினால் கைகொடுக்க, பயண எரிபொருளில் ஐந்து சதவீதம்போல ஒரு பங்கு. இறங்க வேண்டிய ஊரில் இறங்க முடியாவிட்டால் மாற்று ஊருக்குப் போக ஒரு பங்கு. இத்தனைக்கும் அடியில், கடைசி முப்பது நிமிடம் சுற்றிக்கொண்டிருப்பதற்கான இருப்பு. அதில் கைவைக்க நேரும் என்று தெரிந்தாலே ரேடியோவில் 'மேடே ஃப்யூல்' என்று கத்த வேண்டும். இவ்வளவையும் கிலோ சுத்தமாகக் கூட்டி டிஸ்பேட்சர் திட்டத்தை அனுப்புகிறார். ஐபேடில் அதைத் திறக்கும் கேப்டன், பத்தில் ஏழு நாள், கடைசி வரியைத்தான் முதலில் பார்க்கிறார். பார்த்ததும் போன்.

"இன்னும் ஒரு டன் போடுங்க."

"காரணம் என்ன சார்?"

"மனசுக்கு."

டிஸ்பேட்சருக்கு இங்கேதான் ரத்தம் கொதிக்கும். மனசு என்று ஒரு கட்டம் அவருடைய சாஃப்ட்வேரில் கிடையாது. அந்த ஒரு டன்னைச் சும்மா தூக்கிக்கொண்டு போவதற்கே, ஒவ்வொரு மணி நேரமும் அதிலிருந்து சுமார் முப்பது, நாற்பது கிலோ எரிந்துபோகும். நாலு மணி நேரப் பயணம் என்றால் நூற்றைம்பது கிலோ ஆகாயத்துக்குத் தானம். எந்த கேப்டன் மாதத்துக்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்டார் என்று பட்டியல் போடும் நிறுவனங்கள் உண்டு. அந்தப் பட்டியலை டிஸ்பேட்சர் படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க் ஷீட் கையில் கிடைத்த அம்மாவின் முகம் அது.

ஆனால் கடைசிச் சொல் கேப்டனுடையது. ஒரு டன் ஏறிவிடும்.

அமெரிக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் டிஸ்பேட்சரின் கண்கள் பனிக்கும். அங்கே 1938-ஆம் ஆண்டின் சிவில் ஏரோநாட்டிக்ஸ் சட்டக் காலத்திலிருந்தே இந்தத் தொழிலுக்கு அரசு உரிமம் இருக்கிறது. புறப்படும் முன் திட்டமிடுவதில் கேப்டனுக்கும் டிஸ்பேட்சருக்கும் கூட்டுப் பொறுப்பு. பாதுகாப்பாகப் போய்ச் சேராது என்று இருவரில் ஒருவருக்குப் பட்டாலும் வண்டி கிளம்பக் கூடாது. ஏர்லைன் கேப்டனின் உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 23. டிஸ்பேட்சர் சான்றிதழுக்கும் 23. எழுத்துத் தேர்விலும் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். "ஒரே பரீட்சை சார்! அவனுக்குத் தொப்பி, எனக்கு ஹெட்போன்" என்பார், ஏதோ டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவர்போல.

நம் ஊரில் இன்னோர் உள்காயமும் உண்டு. லட்சக்கணக்கில் கடன் வாங்கி, விமானம் ஓட்டப் படித்து, கமர்ஷியல் லைசென்ஸும் கையில் வைத்துக்கொண்டு, வேலைக்கு ஆள் எடுக்கும்வரை டிஸ்பேட்சில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தன்னோடு படித்தவன் கோ-பைலட்டாகி, போனில் "ரூட் கொஞ்சம் பார்த்துப் போடு மச்சி" என்று சொல்லும்போது, இவர் "ரோஜர்" என்கிறாரே, அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை கெட்ட வார்த்தைகள் அடங்கியிருக்கும் என்பது நம் ஊகத்துக்கு.

அடுத்த போர்க்களம் நோட்டம். எந்த ஓடுபாதை மூடியிருக்கிறது, எங்கே கிரேன் நிற்கிறது, எங்கே புல் வெட்டுகிறார்கள், எங்கே பறவை பறக்கிறது என்று விமானிகளுக்குத் தரும் அறிவிப்புகளின் கட்டு அது. முழுக்கப் பெரிய எழுத்தில், மூச்சு விட இடமில்லாமல் இருக்கும். 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, இரவில் ஓடுபாதை என்று நினைத்து டாக்ஸிவேயை நோக்கி இறங்கி, அங்கே வரிசையில் நின்ற நான்கு விமானங்களின் தலைக்கு மேல் கடைசி நொடியில் எழும்பிப் போனது. பக்கத்து ஓடுபாதை மூடியிருக்கிறது என்ற தகவல் விமானிகளிடம் இருந்த 27 பக்கக் கட்டில் இருந்தது. எட்டாம் பக்கத்தில். இதைச் சொன்னால் டிஸ்பேட்சர், "கொடுத்திருக்காங்களே!" என்பார். கேப்டன், "எட்டாம் பக்கத்துல!" என்பார். எனக்கென்னவோ இந்த ஒரு வழக்கில் கேப்டன் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. இருபத்தேழு பக்கத்தைப் படிப்பவர் கட்சி மாறாமல் எட்டாம் பக்கம் போய்ச் சேர்வது சிரமம்.

கிம்லி கதையையும் இரண்டு பேரும் சொல்வார்கள். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767-க்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. கையால் கணக்குப் போட்டார்கள். நாடு பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். பெருக்க வேண்டிய எண் மாறிப்போய், கிலோவுக்குப் பதில் பவுண்டில் போய் முடிந்தது. பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பிய விமானம் 41,000 அடியில் காய்ந்துபோனது. டிஸ்பேட்சர் கதையை இங்கேயே நிறுத்திவிட்டு, "பார்த்தீங்களா, கணக்கு எவ்வளவு முக்கியம்?" என்று எழுந்துவிடுவார். கேப்டன் சொன்னால் கதையே 41,000 அடியிலிருந்துதான் தொடங்கும்: கிளைடர் ஓட்டிப் பழகிய கேப்டன் பாப் பியர்சன், இரண்டு இன்ஜினும் செத்த விமானத்தை மிதக்கவிட்டே கொண்டுவந்து, கார் பந்தயத்துக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த கிம்லியின் பழைய விமானப்படை ஓடுதளத்தில் உயிர்ச்சேதமின்றி இறக்கினார். தப்பான பெருக்கலில் விமானிகளின் கையும் இருந்தது என்ற சமாச்சாரம் கேப்டனின் பிரதியில் இருக்காது.

சர்வதேச விதிப்படி டிஸ்பேட்சர், பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது காக்பிட்டில் உட்கார்ந்து ஒரு வழிப் பயணம் போக வேண்டும். அமெரிக்காவில் வருடத்துக்கு ஐந்து மணி நேரம். அந்த ஒரு நாள் அவர் புதுச்சட்டை போட்டுக்கொள்வார். பின்னாலிருக்கும் மடக்கு இருக்கையில் முழங்காலைக் காதுவரை மடக்கி உட்கார்ந்து, கேப்டன் தன் திட்டத்திலிருந்து எங்கே விலகுகிறார் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒருமுறை, விசாகப்பட்டினத்தைத் தாண்டியதும் கண்ணாடிக்கு நேரெதிரே, ஊர்க் கோபுரங்களையெல்லாம் அடுக்கினாலும் எட்டாத உயரத்துக்கு ஒரு மேகம். உள்ளே ட்யூப்லைட் சிமிட்டுகிறாற்போல் மின்னல்.

"உங்க ஸ்கிரீன்ல இது என்ன கலர்?" என்று கேப்டன் திரும்பாமலே கேட்டார்.

"மஞ்சள், சார்."

கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. வலப்பக்கம் இருபது டிகிரி ஒடித்தார். டிஸ்பேட்சர் அன்றைக்கு முழுவதும் எரிபொருளைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறுநாள் ஷிஃப்டில் சரியாகிவிட்டது.

வீட்டிலும் மனுஷர் டிஸ்பேட்சர்தான். மாடியில் வடாம் பிழியலாமா என்று மனைவி கேட்டால் "ப்ராப் தர்ட்டி" என்பார். விமான நிலைய வானிலைக் குறிப்பில் 'ப்ராப்' என்ற நிகழ்தகவுச் சொல்லுக்குப் பின்னால் முப்பது அல்லது நாற்பது தவிர வேறு எண் வராது. ஆகையால் இவர் வாயிலும் வராது. வடாம் நனைந்த அன்று, "நான்தான் முப்பது சதவீதம் சொன்னேனே" என்றார். விடுமுறைக்குத் தாம்பரம் வந்தால், காஞ்சிபுரம் போவதற்குக் காருக்குப் பெட்ரோல் கணக்கு: போக வர இவ்வளவு, மேலே ஐந்து சதவீதம், காமாட்சியம்மன் கோயில் நடை சாத்தியிருந்தால் மாற்றாக ஏகாம்பரநாதர் கோயிலுக்கு இவ்வளவு. "டேங்க்கை ஃபுல் பண்ணிடுங்களேன்" என்றார் மனைவி. அவர் திரும்பிப் பார்த்தார். "நீயும் கேப்டன் மாதிரியே பேசறே."

போகியன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் கடைசிப் பனியோடு பழைய பாயும் டயரும் எரிகிற புகை சேர்ந்தால் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. வந்த விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திரும்பிப்போன போகிகள் உண்டு. விடியற்காலை டெல்லியிலிருந்து சென்னைக்குக் கிளம்ப வேண்டிய கேப்டன், மயிலாப்பூர்க்காரர், போன் செய்தார்.

"ஒன்றரை டன் சேர்த்துப் போடுங்க."

"காரணம் என்ன சார்?"

"இன்னிக்குப் போகிய்யா. எங்க தெருவுல மட்டுமே நாலு டயர் எரிப்பாங்க."

"ஃபோர்காஸ்ட்ல பனி இருக்கு சார், அதுக்குப் போட்டாச்சு. மாற்று ஹைதராபாத் கொடுத்திருக்கேன். ஃபோர்காஸ்ட்ல டயர் இல்லை."

ஒன்றரை டன் ஏறியது. சென்னைக்கு மேல் போனால் எங்கும் வெள்ளை. விமானம் சுற்ற ஆரம்பித்தது. குருகிராமில் திரையில் ஒற்றைச் சொல் வந்து விழுந்தது: 'போகி'. டிஸ்பேட்சர் பதில் அனுப்பினார்: 'வாழ்த்துகள் சார். எட்டரைக்கு விலகும்.' முன்னே பின்னே வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போக, இவர் அந்த ஒன்றரை டன்னில் அரை மணிக்கு மேல் சுற்றி, எட்டு முப்பத்தைந்துக்கு இறங்கிவிட்டார். டன்னால் இறங்கினோம் என்றார் கேப்டன். எட்டரை என்று சொன்னது யார் என்றார் டிஸ்பேட்சர். உள்ளே இருந்த நூற்றெண்பது பேர் தாமதத்துக்கு ஏர்ஹோஸ்டஸைத் திட்டிவிட்டுப் பொங்கலுக்குப் போய்விட்டார்கள்.

மறுவாரம் நிர்வாகத்திடமிருந்து ஒரே நாளில் இரண்டு மெமோ. கேப்டனுக்கு: ஒன்றரை டன் கூடுதலாக ஏற்றியதற்குக் காரணம் கூறவும். டிஸ்பேட்சருக்கு: போகி வருவது காலண்டரிலேயே போட்டிருக்க, அந்த ஒன்றரை டன்னைத் திட்டத்திலேயே சேர்க்காததற்குக் காரணம் கூறவும்.

அன்றைக்குத்தான் கேப்டன் முதன்முதலாக அவரைத் "தம்பி" என்று கூப்பிட்டார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாக அனுப்புவது என்று முடிவாயிற்று. டிஸ்பேட்சர் உட்கார்ந்து, காற்று, பனி, புகை, கிலோ என்று நிர்வாகத்துக்குத் தலை சுற்றும்படி எழுதி அனுப்பினார். கேப்டன் படித்துவிட்டுப் போன் செய்தார்.

"பிரமாதம் தம்பி. ஒரே ஒரு திருத்தம். கையெழுத்துல என் பேரு மேல வரட்டும்."

"காரணம் என்ன சார்?"