கூடுதல் எடையைக் கருணையோடு வழியனுப்பும் துறையினருக்கு

அனுப்புநர்:
வைக்கோல் லாரிக்குப் பின்னால் வரும் டூவீலர்காரன்,
கம்பம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மோட்டார் வாகனத் துறை, திருவனந்தபுரம்.

நகல்: போக்குவரத்து ஆணையர் அவர்கள், சென்னை. (லோடு ஏற்றுவது எங்கள் பக்கம் என்பதால்.)

பொருள்: எல்லை தாண்டும் லாரிகளின் எடை, அகலம், உயரம் – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: 1. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவுகள் 113, 114, 194. 2. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 9.11.2005. 3. ஒரு பூசணிக்காய்.

ஐயா,

மனு என்றாலே குறைகளை அடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இது நன்றி சொல்லும் மனு. நான் இருப்பது கம்பத்தில். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது கொழிஞ்சாம்பாறையில். அதனால் இடுக்கிப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டும் பழக்கம். பாலக்காட்டுப் பக்கம் வேலந்தாவளம், கோபாலபுரம், வாளையாறும் பழக்கம். இத்தனை சாவடிகளிலும் தாங்கள் ஆற்றிவரும் தொண்டை, லாரிப் புகையில் நின்றபடியே கவனித்து வந்திருக்கிறேன்.

முதல் நன்றி கோவை மக்கள் சார்பில். காரணத்துக்கு முன்னால் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். லாரியில் எடை அதிகம் என்று சந்தேகம் வந்தால் எடைமேடையில் ஏற்றிப் பார்க்கலாம், அதிகம் இருந்தால் அந்த அதிகத்தை இறக்கிவைக்கும்படி எழுத்து மூலம் உத்தரவிடலாம், இறக்கும்வரை வண்டி நகரக் கூடாது என்கிறது பிரிவு 114. 2019 திருத்தத்தில் இதையே பிரிவு 194இலும் மறுபடி அழுத்தி எழுதினார்கள். அதற்கும் முன்னால், 2005இல், சில மாநிலங்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஓவர்லோடு லாரிகளைத் தாராளமாக விட்டுக்கொண்டிருந்தபோது, பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. பணம் கட்டியது குற்றத்துக்கு. மிச்ச வழியெல்லாம் அதே எடையோடு போவதற்கு அல்ல என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதைத் தாங்கள் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கிணத்துக்கடவு, மதுக்கரைப் பக்கத்து ஜல்லியும் எம்-சாண்டும் வாளையாற்றிலும் கோபாலபுரத்திலும் நாள்தோறும் இறங்கி இறங்கிக் குவிந்து, இதற்குள் பாலக்காட்டுக் கணவாயே அடைபட்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் அந்த ஒரு பெரிய சந்து வழியாகத்தான் கோயம்புத்தூருக்குக் குளிர்காற்று வருகிறது. சந்து அடைபட்டால் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் நின்றுபோகும். இந்த விபரீதம் ஏதும் நேரவில்லை. எந்தச் சாவடிக்குப் பக்கத்திலும் இறக்கிவைத்த ஜல்லி ஒரு கூடை அளவுக்குக்கூட நான் பார்த்ததில்லை. இயற்கையைக் காப்பாற்றியதற்கு நன்றி.

அடுத்து, ரசீது. சட்டப் புத்தகத்தில் உள்ளபடி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். எட்டு டன் கூடுதல் என்றால் 36,000. ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்ததும் லாரி கிளம்புகிறது. அந்த எட்டு டன்னும் கிளம்புகிறது. மேட்டில் ஏறும்போது என்ஜின் முக்குகிற முக்கைக் கேட்டால், ரசீதின் எடையும் சேர்ந்துவிட்டதோ என்று தோன்றும்.

இந்த அபராதத்தைச் சொல்லும் பிரிவு 194இல் இன்னொரு அழகு உண்டு. நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல், எடை போட மறுத்து ஓடுகிற டிரைவருக்கு அபராதம் 40,000 ரூபாய். பத்து டன் கூடுதலாக ஏற்றிக்கொண்டு யோக்கியமாக எடைமேடையில் ஏறுபவருக்கும் கணக்குப்படி 40,000தான். பதினொன்றாவது டன்னில் இருந்து, நிற்காமல் போவது மலிவு. இதைக் கணக்குப் போட்டுத்தான் எழுதினார்களா, எழுதிவிட்டுக் கணக்குப் போடவில்லையா என்று தெரியவில்லை. எப்படியோ, துணிந்தவனுக்குத் தள்ளுபடி கிடைக்கிறது.

எடை என்பதே நிலையற்ற ஒன்று என்ற ஞானத்தையும் அரசே எங்களுக்குக் கொடுத்தது. 2018 ஜூலை 16 வரை, நான்கு டயர் போட்ட ஒற்றை அச்சில் 10.2 டன்னுக்கு மேல் ஏற்றினால் குற்றம். அன்றைய அறிவிக்கையில் அது 11.5 டன் ஆனது. 25 டன் எனப்பட்ட பத்துச் சக்கர லாரி 28.5 டன் ஆனது. பன்னிரண்டு சக்கரம் 31இலிருந்து 36க்கு ஏறியது. பழைய கணக்கில் மூன்று டன் ஓவர்லோடோடு பிடிபட்டிருக்க வேண்டிய ஒருவர், புதுக் கணக்கில் இன்னும் அரை டன் ஏற்ற இடம் இருக்கிறதே என்று வருத்தப்பட்டிருப்பார். சரக்குப் போக்குவரத்துச் செலவு குறையும் என்றார்கள், குறைந்திருக்கலாம். ஆனால் சாலைக்கு அரசிதழ் வாசிக்கத் தெரியாது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து ஒட்டாவா என்ற ஊரில் சாலை போட்டு, அதன் மேல் இரவு பகலாக லாரிகளை ஓட்டிப் பார்த்து ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். அச்சின் எடை கூடினால் சாலையின் தேய்மானம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்காகக் கூடும். எடை 20 விழுக்காடு அதிகம் என்றால் தேய்மானம் இரண்டு மடங்கு. எடையே இரண்டு மடங்கென்றால் தேய்மானம் பதினாறு மடங்கு. இந்தக் கணக்கில், 10.2ஐ 11.5 ஆக்கிய அந்த ஒரு வரியிலேயே அந்த அச்சால் வரும் தேய்மானம் ஏறக்குறைய 60 விழுக்காடு கூடிவிட்டது. ஓவர்லோடு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இனி, யார் ஏற்றுகிறார்கள் என்ற விஷயம். வேலந்தாவளத்தில் ஒரு டீக்கடையில் பக்கத்தில் நின்ற டிப்பர் டிரைவரிடம், ஏன் தம்பி இப்படி ஏத்துறீங்க என்று கேட்டுவிட்டேன். "அண்ணே, அனுமதிச்ச பாஸிங் லோடு மட்டும் ஏத்துனா டீசலுக்கும் டியூவுக்கும் சரியாப் போயிரும். மேல குமிச்சு ஏத்துற அஞ்சு டன்னுதான் ஓனருக்கு லாபம். கேஸ் போட்டா அது என் லைசென்ஸ்ல" என்றார். வண்டியைச் சுற்றிக் காட்டினார். பெட்டிக்கு மேல் பலகை அடித்து உயர்த்தியிருந்தது. ஸ்பிரிங் பட்டை முழுக்கப் படிந்து நேர்க்கோடாகக் கிடந்தது. பின் டயர்கள் ஒன்றோடொன்று உரசும் அளவுக்குப் பிதுங்கியிருந்தன. கையில் இருந்த நடைச்சீட்டில் போட்டிருந்த டன்னுக்கும் பெட்டியில் இருந்ததற்கும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

சட்டம் இதில் டிரைவரை மட்டும் பிடிக்கச் சொல்லவில்லை. ஓட்டுகிறவர், ஓட்ட வைப்பவர், ஓட்ட விடுபவர் எல்லாரும் குற்றவாளிகள்தான். உரிமையாளருக்குத் தெரிந்தேதான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்று பிரிவு 113 சொல்கிறது. ஆனால் குவாரி முதலாளி எடைமேடையில் ஏறுவதில்லை. கட்டடம் கட்டுகிற கான்ட்ராக்டரும் ஏறுவதில்லை. ஏறுகிறவர்கள் டிரைவரும் கிளீனரும்தான். லோயர் கேம்ப்பில் இருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் வந்து பாருங்கள். எம்-சாண்ட் ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவில் மூச்சு முட்டி நிற்கும்போது, கதவைத் திறந்து குதித்து, மரக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்சக்கரத்தோடு கூடவே குனிந்து நடக்கிற பையன் ஒருவன் இருப்பான். வண்டி பின்னால் உருண்டால் கட்டை போட வேண்டியது அவன் வேலை. ஓவர்லோடின் கடைசித் தடுப்பணை அவன்தான். அவனுக்குக் கீழே, அடுத்த வளைவில், நான்.

பூசணிக்காய்க்கு வருகிறேன். 2022 ஜனவரியில் வாளையாறு மோட்டார் வாகனச் சோதனைச் சாவடியில் லஞ்ச ஒழிப்புத் துறையினர் நுழைந்தபோது, கணக்கில் வராத 67,000 ரூபாயோடு பூசணிக்காயும் ஆரஞ்சுப் பழமும் கிடைத்ததாகச் செய்தி வந்தது. நாங்கள் சிரிக்கவில்லை, நெகிழ்ந்துபோனோம். உச்ச நீதிமன்றம் சொன்ன 'இறக்கிவைத்தல்' ஒருவழியாகத் தொடங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டோம். ஒரு பூசணிக்காய் இறங்கினாலும் லாரியின் எடை அந்த அளவுக்குக் குறைகிறது அல்லவா? ஆனால் 2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டத்து எல்லைச் சாவடிகளில் மறுபடி சோதனை நடந்து, ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் பிடிபட்டபோது ஏமாற்றமாகப் போயிற்று. ரூபாய் நோட்டு இறங்குவதால் லாரிக்கு எந்த லாபமும் இல்லை. காய்கறியே மேல்.

எடையை விட்டு அகலத்துக்கு வருவோம். இது என் சொந்தத் துறை. லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. கம்பத்தில் இருந்து மலையேறும் வைக்கோல் லாரிக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை. எடைமேடையில் ஏற்றினால் பத்தினியாக இறங்கி வரும். அகலத்தைத்தான் யாரும் அளப்பதில்லை. இரண்டு பக்கமும் பிதுங்கி, பின்னால் தொங்கி, நம்பர் பலகையை மறைத்து, மேலே மின்கம்பியை உரசிப் பார்த்துக்கொண்டு அது போகும்போது, பின்னால் வருபவனுக்குத் தெரிவது வைக்கோல் மட்டுமே. சாலை இல்லை, வளைவு இல்லை, எதிரே வரும் கேரள அரசுப் பேருந்து இல்லை. சபரிமலை சீசனில் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடு வரும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆயுள் கூடும். ஐயப்பனுக்கு நன்றி.

உயரத்திலும் குறை இல்லை. பாலக்காட்டில் இருந்து திருச்சூர் போகும் வழியில் குதிரான் சுரங்கப்பாதைக்குள் 2022 ஜனவரியில் ஒரு டிப்பர், தூக்கிய பின்பெட்டியை இறக்காமலே ஓடி, நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகளை வரிசையாக உடைத்துக்கொண்டு போனது. கவனிக்க வேண்டும் ஐயா: அங்கேயும் இறக்காததுதான் கோளாறு.

சிரிப்பு வராத ஒரு எடையும் இருக்கிறது. விடியுமுன் கம்பம், கூடலூர், போடியில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. முன்சீட்டில் டிரைவரோடு சேர்த்து நான்கு பேர். கியர் மாற்ற வேண்டுமென்றால் நடுவில் உட்கார்ந்திருக்கும் அக்கா முழங்காலை நகர்த்திக் கொடுக்க வேண்டும். டிரைவரின் ஒரு தொடை வண்டிக்கு வெளியே. பின்னால் மடிமேல் மடி, அதற்கு மேல் தூக்குவாளி. "எங்கள எடை போட்டா என்னப்பா வந்துரப் போகுது, ஆளுக்கு நாப்பது கிலோ" என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். சட்டம் இதற்கும் விலை வைத்திருக்கிறது. கூடுதலாக ஏற்றும் ஆள் ஒருவருக்கு 200 ரூபாய். ஒரு டன் ஜல்லிக்கு 2,000. இங்கேயும், கூடுதல் ஆட்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யாமல் வண்டியை நகர்த்தக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த மாற்று வண்டியை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நடுவழியில் இறக்கிவிட்டால் அவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும். அதனால் இதில் தாங்கள் கண்ணை மூடிக்கொள்வதை என்னால் முழு மனதோடு குறைசொல்ல முடியவில்லை. ஆனால் ஜல்லிக்குக் கூலியும் கிடையாது, அடுப்பில் வைத்துவிட்டு வந்த உலையும் கிடையாது. அதை இறக்கலாமே?

இறக்கத் தெரியாதவர்கள் என்று இரண்டு மாநிலத்தையும் சொல்லிவிடவும் முடியாது. எங்கள் மலையை உடைத்து ஏற்றிக்கொண்டு மேலே போகிற லாரிகளில் சில, கீழே வரும்போது வேறு சரக்கோடு வருவதாகப் புகார் உண்டு. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவை ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டியிருந்தார்கள். இறக்கியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, கேரள அரசே லாரிகளை அனுப்பி அத்தனையையும் அள்ளி ஏற்றிக்கொண்டு போனது. உத்தரவு போட்டு, லாரி வரவழைத்து, சரக்கை மாற்றி ஏற்றுவது நடக்கிற காரியம்தான் என்று அன்று தெரிந்துகொண்டோம்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். எடைமேடை இருக்கும் ஒவ்வொரு எல்லையிலும் பக்கத்தில் ஒரு ஏக்கர் வெற்றிடம் வேண்டும். கூடுதல் எடை அங்கே இறங்கட்டும். அதை எடுத்துப்போக இன்னொரு லாரியை, லோடு ஏற்றி அனுப்பியவர் தன் செலவில் அனுப்பட்டும். மூன்று நாள் அந்த இடத்தில் குவியல் நின்றால் போதும். நான்காம் நாள் குவாரியிலேயே பக்கெட் ஒரு அள்ளு குறைவாக அள்ளும். ஒரு ஏக்கர் கிடைக்காது என்றால், சாவடியில் ஒரு விலைப்பட்டியல் பலகையாவது மாட்டிவிடுங்கள்: ஒரு டன்னுக்கு இவ்வளவு, நிற்காமல் போனால் இவ்வளவு, பூசணிக்காய் இந்த சைஸ். டிரைவர்களுக்குச் சில்லறை தேடும் சிரமம் மிச்சமாகும்.

கடிதம் நீண்டுவிட்டது. தபால் நிலையத்தில் நிறுத்துப் பார்த்த அம்மா, 20 கிராமைத் தாண்டுகிறது, இன்னொரு தபால்தலை ஒட்டுங்கள் என்றார். நான் ஒட்டவில்லை. தபால்தலை குறைந்தால் அந்தக் குறையைப் போல இரண்டு மடங்கைப் பெறுநரிடம் வசூலிப்பது அஞ்சல் துறையின் விதி. தூக்கிக்கொண்டு வரும் தபால்காரரிடம் அவர்கள் ஒரு பைசா கேட்பதில்லை. தயவுசெய்து கட்டி வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பின்னால் வருபவன்.