எத்தனை நியூட்டன், மேஸ்திரி?

யுவராஜ், குபோட்டா என்று குட்டி டிராக்டர் நுழைந்த ஊரில் எல்லாம் இப்படி ஒருவர் முளைத்துவிடுகிறார். மாகறலில் அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘டார்க் சார்’; டார்க் என்றால் முறுக்குவிசை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிறர் போல்ட் முறுக்குவதை மேற்பார்த்து ரிடையரானவர். சேயாற்றங்கரைப் பூர்வீக நிலத்துக்குத் திரும்பி, குட்டி டிராக்டர் ஒன்று வாங்கினார். வாங்கியதிலிருந்து உழுததைவிடப் படித்ததுதான் அதிகம்.

வண்டியோடு வரும் கையேட்டில் ஆயில் மாற்றும் நேரமும் சக்கர நட்டின் அளவும் இருக்கும்; அதற்குமேல் கேட்டால் ‘டீலரை அணுகவும்’. பாகங்கள் பட்டியலில் வண்டியை அக்கக்காகப் பிரித்துப் போட்ட படம் இருக்கும், வாஷருக்குக்கூட நம்பர் இருக்கும், முறுக்கும் அளவு மட்டும் இருக்காது. அது இருப்பது ஒர்க்‌ஷாப் மேனுவலில். அதை டீலரே கண்ணால் பார்த்திருப்பாரா என்பது சாருடைய நீண்டநாள் சந்தேகம்.

ஆகவே போனில் வேட்டை. சிக்கியதில் ஒன்று ஜப்பானிய மொழி, ஒன்று வேறு மாடல், ஒன்றில் அளவெல்லாம் கிலோகிராம் மீட்டர், இன்னொன்றில் அடி பவுண்டு. அடி பவுண்டை நியூட்டன் மீட்டர் என்று நினைத்து முறுக்கினால் போல்ட் கால்வாசிக்கு மேல் தொளதொளவென்று நிற்கும். கிலோகிராம் மீட்டரை அப்படி எடுத்தால் கேட்கவே வேண்டாம், 10 என்பது உண்மையில் 98. சாருக்கு மரை கழன்றுவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். இருக்கட்டும், போல்ட் தலையில் 8.8 என்றிருந்தால் எம்10-க்கு 50-ஐ ஒட்டி, 10.9 என்றிருந்தால் 70-க்கு மேல் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவர் அந்தக் கடையில் அவர் ஒருவர்தான்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மாட்டிய அன்று பார்க்க வேண்டும்.

“எத்தனை நியூட்டன், மேஸ்திரி?”

“இவ்ளோதான் சார்.” மேஸ்திரி தன் வலது தோளைக் காட்டினார்.

“மரையில ஆயில் தடவினீங்களா? தடவினா கணக்கே மாறும். நாம போடுற பலத்துல பத்துக்கு ஒன்பது பங்கு உராய்வுக்கே போயிடுது, தெரியுமா?”

“அப்போ மிச்சம் ஒரு பங்குக்குத்தான் இவ்ளோ சத்தமா சார்?”

சார் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மேஸ்திரியும் நடு போல்ட்டில் ஆரம்பித்து, வெளிப்பக்கமாக, மூன்று தவணையாகத்தான் முறுக்கிக்கொண்டிருந்தார். மேனுவலும் அதைத்தான் சொல்கிறது, நம்பர் போட்டு. அந்த நம்பர் இல்லாத குறையைத்தான் மேஸ்திரியின் தோள் இத்தனை வருஷமாகச் சுமக்கிறது. உடும்பின் வால் வடிவில் சுயம்புவாக இருக்கும் திருமாகறலீஸ்வரரை வேண்டினால் எலும்பு நோய் தீரும் என்று வெளியூர்க்காரர்கள் வந்துபோகிறார்கள். மேஸ்திரிக்கு அந்த அலைச்சல் இல்லை, பட்டறையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

கடைசியில் ஒரு நண்பர் தயவில் மேனுவலின் அந்த ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. உடனே சாருக்கு அடுத்த சந்தேகம்: டார்க் ரெஞ்சே சரியாகக் காட்டுகிறதா? அளவு பார்க்க அது அம்பத்தூர் போயிருக்கிறது. வண்டி கொட்டகையில். பருவம் தவறக்கூடாதே என்று மேஸ்திரியின் மச்சான் டிராக்டரை வாடகைக்குப் பிடித்து உழுதார்கள். பணத்தை எண்ணிக்கொண்டே சார் கேட்டார், “ஹெட்டுக்கு எத்தனை வெச்சீங்க தம்பி?”

“ஹெட்டுக்கெல்லாம் தனியா வேணாம் சார். மணிக்கு மட்டும் குடுங்க, போதும்.”