பெரியப்பா தலை எங்கே, டிசைனரே?

கும்பகோணத்தில் ஒரு வீட்டில் பெண் வயதுக்கு வந்தாலும் சரி, பெரியவர் கண்ணை மூடினாலும் சரி, பங்காளிகளுக்குச் சொல்லி முடித்த கையோடு ஆள் ஓடுவது டிசைனர் கடைக்குத்தான். பந்தல்காரர், சமையல்காரர் எல்லாம் அப்புறம்.

கடை என்றால், ஜெராக்ஸ் கடையின் பின்பாதி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி, அதன் முதுகுக்குப் பின்னால் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூல்கள் வாடிக்கையாளருக்கு. அப்பா, மச்சான், கொழுந்தியாள், மொபைலோடு ஒரு பொடியன் என்று குடும்பமே பிடரியில் மூச்சுவிட வேலை செய்யும் கலைஞர் உலகத்தில் இவர் ஒருவர்தான் இருக்க வேண்டும்.

ஆள் லேசுப்பட்டவரில்லை. ஊர் அரசு கவின்கலைக் கல்லூரியில் நாலு வருஷம் காட்சிவழித் தகவல் வடிவமைப்பு படித்தவர். "கோபுலு எங்க சீனியர் சார்" என்பார். 1924இல் தஞ்சாவூரில் பிறந்த கார்ட்டூனிஸ்ட் கோபுலு, இதே கல்லூரி கும்பகோணம் ஓவியப் பள்ளியாக இருந்த காலத்தில் அங்கே படித்துவிட்டு, ஓவியர் மாலியின் கண்ணில் பட்டு ஆனந்த விகடன் பத்திரிகைக்குப் போனவர். நம்மவர் பிறந்தது தொண்ணூறுகளின் கடைசியில். சீனியர் என்றால் சீனியர்தான், மறுக்க முடியாது. "வசனமே இல்லாத ஜோக் போட்டாரே, பார்த்திருக்கீங்களா? நாலே கோடு. மிச்சத்தை வெள்ளைப் பேப்பர் பேசும்" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். பின்னால் ஸ்டூலில் இருப்பவர் கேட்பார்: "தம்பி, நம்ம பேனர்ல இந்த ஓரமா என்ன காலியா கெடக்கு?"

"அது வெற்றிடம்ணே. கண்ணு கொஞ்சம் ஓய்வெடுக்கணும்ல?"

"ஓய்வெடுக்கிற எடத்துக்கும் சதுர அடி கணக்குலதான காசு?"

"ஆமாண்ணே."

"அப்ப எங்க சின்ன மச்சானை அங்க நிக்க வையிங்க."

சின்ன மச்சான் நிற்பார். கூலிங் கிளாஸோடு.

நம்மவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் வாங்கவும் ஆசை உண்டு. தலைப்புகூட ரெடி: 'காவிரிப் படுகை விளம்பரப் பதாகைகளில் வெற்றிடத்தின் அழகியல்.' கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் மூன்று தாலுகாவையும் வண்டியில் சுற்றிப் பார்த்துவிட்டார். வெற்றிடமுள்ள பதாகை ஒன்றும் சிக்கவில்லை. ஆய்வு அதோடு நிற்கிறது.

கல்லூரியில் படித்த பாடமெல்லாம் மஞ்சள் நீராட்டு விழா பேனர் ஒன்றில் கரைந்துவிடும். தாய்மாமன் தலை எவ்வளவு பெரிது, அத்தை வீட்டுக்காரர் தலை எவ்வளவு என்பதில்தான் வடிவமைப்பே இருக்கிறது. தாய்மாமன் தலை அரை அங்குலம் சிறுத்தால் சீர்வரிசையும் சிறுத்துவிடும் அபாயம் உண்டு. பெரியப்பா இடது ஓரம் என்றால் சித்தப்பா அவருக்கு மேலே போகக் கூடாது. கோயில் திருவிழா பேனர் என்றால் முப்பது தலை. இவண் என்று போட்டு இன்னும் இருபது பெயர். முப்பதும் வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்த படங்கள். "டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று அவர் கெஞ்சாத நாளில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் அவர் கைவண்ணத்தின் உச்சம். இறந்தவரின் ஒரே நல்ல படம் ஒரு கல்யாண குரூப் போட்டோவில் இருக்கும். வெட்டி எடுத்தால் தோளில் இன்னொருத்தர் கை. "யார் கைங்க இது?" "சம்பந்தி கை. இப்ப பேச்சுவார்த்தை இல்ல, எடுத்துடுங்க." கையை எடுத்தால் தோள் போய்விடும். நம்மவர் தன் கிடங்கிலிருந்து ஒரு சரிகைத் துண்டை எடுத்து அந்தத் தோளில் போட்டுவிடுவார். ஆயுளில் துண்டே போடாத மனுஷன். ஆனாலும் போஸ்டரைப் பார்த்த பெண்கள், "உசுரோட பாத்த மாதிரியே இருக்கே" என்று ஒரு பாட்டம் அழுவார்கள். இதற்கு எந்த அகாடமி விருது கொடுக்கும்?

கல்யாணப் பத்திரிகையில் வேறு வகை அவஸ்தை. பாமினி எழுத்தில் அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத அச்சகக் கம்ப்யூட்டரில் திறந்தால் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் பல்லிளிக்கும். அதற்குப் பயந்து கோரல் டிராவில் எழுத்தையெல்லாம் 'கர்வ்ஸ்' ஆக மாற்றிவிடுவார். மாற்றியபின் அது எழுத்தில்லை, படம். ஒரு கால் கூடத் திருத்த முடியாது. சரியாக அந்த நிமிஷத்தில் போன் வரும்: "தம்பி, திருவாரூர் சித்தப்பா பேரு விட்டுப்போச்சு. மாப்பிள்ளைக்கு பி.ஏ. இல்ல, பி.காம்."

பழைய ஃபைலைத் தேடுவார். 'பைனல்', 'பைனல் புதுசு', 'பைனல் இதுதான்', 'பைனல் சித்தப்பாவோடு' என்று வரிசையாகக் கிடக்கும்.

இத்தனைக்கும் டிசைனுக்கென்று தனியாகக் காசு கேட்டால் கிடைக்காது. "கம்ப்யூட்டர்தானே தம்பி பண்ணுது?" என்பார்கள். அவர் கோபப்படமாட்டார். டபரா காபியை ஆற்றிக்கொண்டே, விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போன கோபுலுவும் இப்படி ஒரு மச்சானைச் சந்தித்திருப்பார் என்று தன்னைத் தேற்றிக்கொள்வார்.

என்னைக் கேட்டால், அவர் வெற்றிடத்தை விட்டுவிட்டு உறவுமுறைகளைப் பற்றி ஆய்வேடு எழுதலாம். எந்த வீட்டில் யாருக்கு யாரோடு மனத்தாங்கல், யார் பக்கத்தில் யார் தலை வரக் கூடாது என்கிற சங்கதி இந்த ஊரில் அவருக்குத் தெரிந்த அளவுக்குக் கல்யாணத் தரகருக்கும் தெரியாது.

கும்பகோணத்தில் அடுத்த மகாமகத் திருவிழா 2028இல். வரவேற்பு பேனர் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், பெயர்ப் பட்டியலை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, திருவாரூர் சித்தப்பா இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள், டிசைனுக்குத் தனியாக ஒரு நூறு ரூபாயாவது வையுங்கள்.