குன்றக்குடிக்கு எப்படி வர்றதா உத்தேசம் மாப்ளே?

பழனிக்கு நடக்கப் போறீகளாமே மாப்ளே! ஊரெல்லாம் அதே பேச்சு. ரொம்ப சந்தோசம். ரெண்டாவது மாடிக்கு லிஃப்டு தேடுற ஆளு, குன்றக்குடியிலருந்து பழனி வரைக்கும் 150 கிலோமீட்டர் நடக்கப் போறாருன்னா, அந்தச் சண்முகநாதனே மயிலை விட்டு எறங்கி வந்து பார்க்கணும். நடக்குறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. கூட்டத்துல சேந்துட்டா பின்னால வர்றவன் தள்ளிக்கிட்டே கொண்டுபோயிருவான். மெட்ராஸுலருந்து குன்றக்குடிக்கு எப்படி வந்து சேருவீக, அதைச் சொல்லுங்க மொதல்ல.

கார்ல வர்றேன்னு எங்க அக்காட்ட சொன்னீகளாமே. பேஷ். வண்டியை எங்க நிப்பாட்டுவீக? மலை அடிவாரத்துலயா? சரி, நிப்பாட்டியாச்சு. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம்னு நடந்து பழனி போயி தண்டாயுதபாணியையும் பார்த்தாச்சு. வண்டி? அது இங்க புளியமரத்தடியில நின்னு காக்கா எச்சம் வாங்கிக்கிட்டு இருக்கும். கொப்புளம் வெடிச்ச காலோட பஸ் மாறி வந்துதான் அதை எடுக்கணும். இல்லை, நகரத்தார் காவடிக்காரக மாதிரி திரும்பவும் நடந்தே வர்றதா உத்தேசமா? அவுக நானூறு வருசத்துக்கு மேல நடந்து பழகுனவுக. நீங்க இந்த வருசம்தான் ஷூ வாங்கியிருக்கீக.

டிரைவர் வண்டியைப் பின்னாலயே உருட்டிக்கிட்டு வருவான்னு ஒரு யோசனை ஓடுமே உங்களுக்கு? ஓடும், எனக்குத் தெரியும். அப்படிச் செஞ்சா புண்ணியம் டிரைவருக்குப் போயிரும், பார்த்துக்கங்க. ஏழு நாளு முதல் கியர்ல வர்றவன்தான் உண்மையான விரதக்காரன்.

அதனால ரயிலைப் பாருங்க. பல்லவன் எக்ஸ்பிரஸ்ல மத்தியானத்துக்கு மேல எழும்பூர்ல ஏறுனா, ராத்திரிக்குக் காரைக்குடியில எறங்கிரலாம். முன்பதிவு 60 நாளைக்கு முந்தியே தெறக்குறான். இங்கதான் உங்களை மாதிரி படிச்சவுக கணக்கு தப்பும். காலண்டர்ல தைப்பூசம் என்னைக்குன்னு பார்த்து, அதுக்கு மொதநாளைக்கு டிக்கெட் போடுவீக. காவடி பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கையிலயே கெளம்பிரும் மாப்ளே! நீங்க மாலையும் கழுத்துமா வந்து நிக்கிறப்ப குன்றக்குடியில மயிலு மட்டும்தான் இருக்கும். அதுவும் உங்க பையைப் பார்த்துப் பறந்துரும். கெளம்புற நாளை வச்சுப் பின்னால எண்ணுங்க. சில வருசம் பொங்கல் கூட்டமும் அதை ஒட்டியே வரும். அசந்தா ஆம்னி பஸ்காரன் கேக்குறதைக் குடுத்துட்டு, ராவெல்லாம் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து, வீங்குன காலோட முதல் அடி எடுத்து வைக்கணும்.

ஒரு நாள் முந்தியே வந்துருங்க. நம்ம வீட்டுத் திண்ணை சும்மாதான் கெடக்கு. ஆனா ஒண்ணு, மாமியா வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீக. விரதம்னு சொன்னா, கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் விரதத்துல சேராதுன்னு சொல்லி எலை நெறைய வச்சுருவாக. நீங்களும் மரியாதைக்குச் சாப்புடுவீக. உங்க மரியாதையை நான் கல்யாணத்தன்னைக்கே பார்த்தவன்.

அப்பறம் அந்தப் பை. பவர் பேங்கு ரெண்டு, காத்தடிக்கிற தலகாணி, முகத்துக்கு மூணு விதமான க்ரீம். சுமக்கப்போறது யாரு? இடும்பனா? ரெண்டு வேட்டி, துண்டு, தைப் பனிக்கு ஒரு போர்வை, டார்ச்சு லைட்டு, காலுக்குப் பிளாஸ்திரி. போதும். சோறு, மோரு, சுக்கு காப்பியெல்லாம் வழி நெடுகக் கையைப் புடிச்சு இழுத்துக் குடுப்பாக.

கடைசியா ஒண்ணு, யார்ட்டயும் சொல்லாதீக. தேவகோட்டைப் பக்கத்துக் காவடிக்காரகளுக்குக் குன்றக்குடி, நடந்து வந்து ஒண்ணு கூடுற எடம். வீட்டு வாசலைத் தாண்டுனதுமே அவுகளுக்கு யாத்திரை ஆரம்பிச்சிரும். நீங்களும் காரைக்குடியில எறங்குங்க. ராத்திரி தங்கிட்டு, விடியக்காலம் ஆட்டோக்காரன் கூப்புடுவான், திரும்பிப் பார்க்காதீக. கோவிலூர் வழியா ஒரு பத்து கிலோமீட்டர், குன்றக்குடிக்குப் பையோட நடந்து வந்து சேருங்க. முடிஞ்சா பழனி உங்களுக்கு. முடியலைன்னா பாதியில கையைக் காட்டுங்க, பஸ் நிக்கும். பூசத்தன்னைக்கு நேராப் பழனிக்குப் பஸ்ல போயி நெத்தி நெறைய திருநீறு பூசிக்கிட்டு வந்து நில்லுங்க. நடந்தே வந்தாருன்னு எங்க அக்காட்ட நானே சத்தியம் பண்ணுறேன்.

டிக்கெட் போட்டதும் ஒரு போன் அடிங்க.